மணிக்குள் கைக்குட்டை

பேருந்து மலை வளைவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் கினுயோ அண்ணியின் பையில் தொங்கிய கரடி மணி டாங் டாங்கென்று அடித்தது. பித்தளை மணி. கோழிமுட்டை அளவுதான் இருக்கும், ஆனால் சத்தம் கோயில் மணிக்குச் சளைத்ததில்லை. ஆள் வருகிற சத்தம் கேட்டால் கரடி தானே ஒதுங்கிப் போய்விடும் என்பதால், எங்கள் பக்கத்தில் காளான் பறிக்கப் போகிறவர்கள்கூட அதைக் கட்டாமல் மலையில் கால் வைக்க மாட்டார்கள். ஆனால் பேருந்துக்குள் கரடி இல்லையே. இருந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கை மனிதர் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். எங்கள் ஊரில் யாரும் யாரையும் வாய்விட்டுக் கண்டிக்க மாட்டார்கள். அப்படி ஒரு பார்வை பார்த்தால் போதும், வீட்டுக்குப் போய்க் குளித்துப் படுத்த பிறகும் அது முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் அண்ணியிடம் கையைக் காட்டினேன். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மாவை அமுக்குகிற மாதிரி மெல்ல இறக்குவேன். சத்தத்தைக் குறையுங்கள் என்று அர்த்தம். அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. எழுபதைத் தாண்டிவிட்டார். காது மந்தமாகி வெகுகாலம் ஆகிறது, அது மந்தமாக மந்தமாகக் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நான் கல்யாணமாகி வந்த சில வருஷங்களிலேயே இந்தக் கை ஜாடையைப் பழகிக்கொண்டேன். கடையில், மருத்துவமனையில், மாமனாரின் ஈமச் சடங்கில் குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எங்கே அண்ணி வாயைத் திறந்தாலும் என் கை தானாக இறங்கும். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அவர் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. கையைப் பார்த்ததும் வேண்டுமென்றே ஒரு படி ஏற்றுவார்.

அன்றைக்கும் அப்படித்தான். "என்னடி? என்னை எதுக்கு அமுக்குற? நான் என்ன ஊறுகாயா?" என்றார், பேருந்து முழுவதும் கேட்கும்படி. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்குக் கன்னம் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். மணி தூங்கவில்லை. நான் மெல்லக் கையை நீட்டி, என் கைக்குட்டையை மணியின் வாய்க்குள் திணித்து, நாக்கு அசையாதபடி வெளியே சுற்றி ஒரு முடிச்சும் போட்டேன். முன் இருக்கை மனிதரின் தோள் தளர்ந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

இந்த வருஷம் மலைக்குப் போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை. காட்டில் கொட்டை சரியாகக் காய்க்காததில் கரடிகள் ஊருக்குள் இறங்கிவிட்டன. காலையில் தெருவின் ஒலிபெருக்கி கரகரத்தாலே, இன்றைக்கு எந்தப் பக்கம் கரடியைப் பார்த்தார்களோ என்று போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பேன். பக்கத்துத் தெருவில் முள்ளங்கி பிடுங்கப் போன ஒருவரை முகத்தில் அறைந்துவிட்டது. வாடைக்குக் கரடி வந்துவிடும் என்று, வீட்டுக் கொல்லையில் பழுத்துத் தொங்கிய சீமைப்பனிச்சைப் பழங்களை ஒன்று விடாமல் பறித்து, மரத்தை மொட்டையாக்கி வைத்திருந்தோம். ஆனால் அண்ணிக்கு இலையுதிர் காலம் வந்தால் காதுக் கோயிலுக்குப் போயே ஆகவேண்டும். காது கேட்காதவர்கள் ஆற்றில் கிடைக்கும் ஓட்டைக் கல்லைத் தேடி எடுத்து, கயிற்றில் கோத்து, மலைமேல் அந்தக் கோயிலில் இருக்கும் புத்தருக்குக் கட்டிவிட்டு வருவார்கள். கல்லில் ஓட்டை திறந்திருக்கிற மாதிரி காதும் திறக்குமாம். மருத்துவர் கொடுத்த காதுக் கருவி அலமாரியில் பெட்டியோடு கிடக்கிறது. "அதைப் போட்டா எல்லாரும் தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. எனக்குக் கல்லு போதும்" என்பார்.

என் வீட்டுக்காரர் ஷிகெருவுக்கு அன்றைக்கு முட்டி வலி. அக்கா பெயரை எடுத்தாலே வருகிற வலி அது. "அக்கா சொன்னா கேக்க மாட்டா. தனியாவே கிளம்பிடுவா. நீ கூடப் போயிட்டு வந்துடு அட்சுகோ, பகல்தானே" என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்துதானே நடக்கப் போகிறோம், இருவருக்கும் ஒரே கரடி மணி போதும் என்று அதையும் நானே முடிவு செய்தேன்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது, தூக்கக் கலக்கத்தில் இருந்த அண்ணியைப் பிடித்து இறக்குவதிலும், இருந்தவர்களுக்கெல்லாம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பதிலும் என் புத்தி போய்விட்டது. பாதை தொடங்கும் இடத்தில் கரடிப் படம் போட்ட மஞ்சள் பலகை புதிதாக நட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பழைய இரும்புப் பீப்பாயும், அடிக்க ஒரு கட்டையும். மலை ஏறுமுன் அதைத் தட்டி, வருகிறோம் என்று காட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அண்ணி கட்டையை எடுத்து ஊரே எழுந்திருக்கும்படி அடித்தார். "எல்லாரும் ஒதுங்குங்கடா! கிழவி வர்றேன்!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தம் மரங்களுக்குள் போய்த் திரும்பி வந்தபோது பயம்கூடப் பாதியாகக் குறைந்தது.

ஏறும் வழியெல்லாம் அண்ணி பேசிக்கொண்டே வந்தார். தன் மகனின் மனைவி சூப்பில் உப்பு போடாதது, தன் தம்பி சின்ன வயதில் படுக்கையை நனைத்தது, பக்கத்து வீட்டு விதவைக்கு வந்த புது சிநேகிதம். இந்தத் தொண்டை இருக்கும்போது மணி எதற்கு? மணி அடிக்கிறதா இல்லையா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நடுவழியில் ஒரு பெரியவர் இடுப்பில் ரேடியோவைப் பாடவிட்டபடி இறங்கி வந்தார். மலையில் எதிர்ப்படுகிறவர்கள் வணக்கம் சொல்லாமல் கடப்பதில்லை. அண்ணி சொன்ன வணக்கத்தில் அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"மேல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு ஈ காக்கா இல்லம்மா. நான்தான் கடைசி. சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க."

அவருடைய ரேடியோ ஒவ்வொரு வளைவாகக் கீழே இறங்கி, மெலிந்து, நின்றுபோனது.

அதன்பிறகுதான் என் செருப்பு, அதாவது மலைக்காலணி, வாயைப் பிளந்தது. பல வருஷமாக அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தது. பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. உள்ளுக்குள் பசை செத்துப்போயிருக்கிறது. ஒரு வேரில் இடித்ததும் அடித்தோல் முன்பக்கம் முழுக்கக் கழன்று, தவளை வாய் மாதிரி தொங்கியது.

அண்ணி குனிந்து பார்த்துவிட்டு முழங்கினார். "உன் புருஷனை மாதிரியேதான் இருக்கு. பளபளன்னு இருக்கும், அவசரத்துக்கு உதவாது. உக்காந்து கட்டிக்கிட்டு மெதுவா வா. நான் மேல போய் கல்லைக் கட்டுறேன்."

"அண்ணி, இருங்க, சேர்ந்தே போலாம்."

அவர் திரும்பிவிட்டார். முதுகுக்குப் பேசி என்ன பயன்? படிபோல அடுக்கியிருந்த கற்களில் கையை ஊன்றி ஊன்றி ஏறி, தேவதாரு மரங்களுக்கு நடுவே மறைந்தார்.

உட்கார்ந்து காலணியைத் தூக்கி மடியில் வைத்தேன். எதையாவது வைத்து இறுக்கிக் கட்டினால் கோயில்வரை தாங்கும். கட்டுவதற்குக் கைக்குட்டையைத் தேடி இடது பையில் கை விட்டேன். வலது பையில் விட்டேன். பிறகு என் கை அப்படியே நின்றுபோனது.

கைக்குட்டை மணிக்குள் இருக்கிறது.

காது கொடுத்துக் கேட்டேன். காற்று இல்லை. எங்கேயோ தண்ணீர் ஒழுகும் சத்தம். அவ்வளவுதான். மேலே ஒரு மனுஷி ஏறிப் போகிறாள் என்பதற்கு அந்த மலையில் ஒரு அடையாளமும் இல்லை. பேச ஆள் இல்லாமல் தனியாக நடக்கும்போது அண்ணி வாயைத் திறக்க மாட்டார். மணி அடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அது அடித்தாலும் அவருக்குக் கேட்காது. பையில் மணி தொங்குகிறது என்கிற தைரியத்தில், பூனை மாதிரி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறார். எதிரில் எது நின்றாலும் அதற்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

"அண்ணீ!" என்று கத்தினேன். கத்திவிட்டு என் மடத்தனத்தை நானே நொந்துகொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

சாப்பாட்டு மூட்டையைப் பிரித்து, சுற்றியிருந்த துணியால் காலணியைக் கட்டினேன். அவசரத்தில் முடிச்சு இரண்டு தடவை நழுவி, அடுத்த தடவைதான் விழுந்தது. சோற்று உருண்டைகளைப் பைக்குள் கொட்டிவிட்டு, காலி அலுமினிய டப்பாவை ஒரு கையிலும், கல் ஒன்றை மறு கையிலும் எடுத்துக்கொண்டேன். தட்டிக்கொண்டே ஏறினேன். டப் டப் டப். மனதுக்குள் ஒரு குரல், கீழே போ, பீப்பாய் இருக்கும் இடத்துக்குப் போனால் போனில் சிக்னல் கிடைக்கும், ஆட்களைக் கூப்பிடு என்றது. நல்ல யோசனைதான். ஆட்கள் வருவதற்குள் என்னென்ன ஆகுமோ? உண்மையைச் சொன்னால், கீழே இறங்கும் பாதையும் எனக்கு அதே அளவு பயமாகத்தான் இருந்தது. அதனால் மேலேயே போனேன்.

ஒரு திருப்பத்தில் பாதை முழுக்கப் பச்சை இலைகளோடு கிளைகள் முறிந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஓக் மரத்தின் கவட்டில், முறித்த கிளைகளை இழுத்து இழுத்து அடியில் போட்டு, பெரிய கூடு மாதிரி கட்டப்பட்டிருந்தது. கரடி மரத்தில் உட்கார்ந்து கொட்டை தின்ற இடம். முறிந்த இடங்கள் வெள்ளையாக, ஈரமாக இருந்தன. கொஞ்சம் தள்ளி, பாதையின் நடுவில், கொட்டைத் தோல் கலந்த சாணம். தொட்டுப் பார்க்கவா முடியும்? ஈக்கள் இன்னும் வந்திருக்கவில்லை. ஈரக் கம்பளியைப் போல ஒரு வாடை மட்டும் அடித்தது.

கால் நின்றுவிட்டது. கை மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கும். சரி, எந்தப் பக்கம் ஒதுங்கும்? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. நான் கீழேயிருந்து தட்டத் தட்ட அது மேலேதான் போகும். மேலே அண்ணி இருக்கிறார். மாட்டை ஓட்டுகிற மாதிரி நானே அதை அவரிடம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

தட்டுவதை நிறுத்தினேன். நிறுத்தியதும் வந்த அமைதியைப் போல ஒன்றை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. மருமகளாக வந்த நாளிலிருந்து அண்ணியின் குரல் எப்போது ஓயும் என்று வேண்டிக்கொண்டவள் நான். இப்போது அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று கண்ணில் நீர் வந்தது. திட்டட்டும். என்னை, என் சமையலை, என் பிறந்த வீட்டை, எதை வேண்டுமானாலும் திட்டட்டும். மேலேயிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும்.

ஒன்றும் விழவில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டிய கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து வைத்து ஏறினேன். கடைசிப் படிகளின் மேல் என் தலை எழும்பியதும் காதுக் கோயிலின் கூரை தெரிந்தது. சின்ன மரக் கட்டடம். கூரை விளிம்பிலிருந்து கற்கள் கோத்த கயிறுகள் சரம் சரமாகத் தொங்கின. அண்ணி வாசல் படியில் என் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். முழுசாக இருந்தார். மடியில் கற்களைப் பரப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கயிறு கோத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கையைத் தூக்கப் போனேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடக். கொஞ்ச இடைவெளி. மறுபடி கடக். கொட்டையைப் பல்லால் உடைக்கிற சத்தம்.

கோயிலின் பக்கவாட்டில், அண்ணியின் முதுகுக்குப் பின்னால், ஒரு பேருந்து நீளம்கூட இருக்காது, கஷ்கொட்டை மரத்தடியில் கரடி உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஆளைப் போலக் காலை நீட்டிப் போட்டு, பாதி முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, கால்களுக்கு நடுவில் கிடந்ததைப் பொறுக்கித் தின்றது. மேலே கிளை ஆடியது. பார்த்தேன். இலைகளுக்குள் ஒரு கறுப்பு உருண்டை. குட்டி. அதுதான் காய்களைக் கீழே உதிர்த்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் இருக்கிற கரடிக்குத்தான் சத்தம் போட வேண்டும். இத்தனை பக்கத்தில், அதுவும் குட்டியோடு இருக்கிற தாயை, திடுக்கிட வைத்தால் அது ஓடாது. திரும்பி ஆள்மேல் பாயும். இதை எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். அண்ணியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லாததால், ஆள் இருப்பது தெரியாமலே அது வந்து உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கைக்குட்டையால்தான் இருவரும் இத்தனை அருகில் வந்துவிட்டார்கள். இப்போது இருவருக்கும் நடுவில் இருப்பதும் அந்தக் கைக்குட்டை ஒன்றுதான்.

அண்ணி கயிற்றை வைத்துவிட்டுப் பையை முன்னால் இழுத்தார். கத்தரிக்கோல் தேடினார் போல. கை மணியில் பட்டது. மணியைத் தூக்கிப் பார்த்தார். அதன் வாயிலிருந்து பிதுங்கிக்கொண்டிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். நீலப் பூ போட்ட என் கைக்குட்டை அவருக்குத் தெரியாததில்லை. புருவம் ஏறியது. யார் வேலை, எதற்காக என்று அவருக்கு விளங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, நகத்தால் முடிச்சை நெம்பத் தொடங்கினார்.

நான் அவ்வளவு இறுக்கிப் போட்ட முடிச்சில்லை அது.

கூப்பிட முடியாது. ஓட முடியாது. படியிலிருந்து ஒரு அடி மேலே ஏறி, அவர் கண்ணில் படும்படி நின்றேன். துணி சுற்றிய என் காலடியில் ஒரு சருகு நொறுங்கியது. கரடியின் காது ஒன்று திரும்பியது. மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு மறுபடி கடக்.

அண்ணி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். முடிச்சின் ஒரு முனை அவர் விரலில் கழன்று தொங்கியது. எப்போதும் போல நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பதைக் கண்டேன். அந்த மூச்சு என்னவாக வெளிவரும் என்று எனக்குத் தெரியும். பேருந்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரே ஜாடையைக் காட்டினேன். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மாவை அமுக்குகிற மாதிரி, மெல்ல, மெல்ல இறக்கினேன்.

அண்ணியின் வாய் திறந்தது. கண்ணில் கோபம் அப்படியே இருந்தது. என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, திறந்த வாய் அப்படியே நின்றது. இழுத்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமில்லாமல் வெளியே போனது. மணியைக் கைக்குட்டையோடு சேர்த்து உள்ளங்கைக்குள் எடுத்து, ஒவ்வொரு விரலாக மூடி, இறுக்கிக்கொண்டார். அதன்மேல் இன்னொரு கையையும் வைத்துப் பொத்தினார். மடியில் இருந்த ஒரு கல் உருளப் பார்த்தது, முழங்காலைச் சேர்த்து அதைத் தடுத்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை. என்ன என்று கேட்கவில்லை.

பின்னால் கொட்டை உடையும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கைகள் இரண்டாலும் மணியைப் பொத்தியபடி, அண்ணி இமை தட்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எப்போது எழும்பும் என்று.